வீடு விற்ற கட்டில்

என் அண்ணன் ரெய்னோ வீட்டுக்குப் போனால் உட்கார இடம் இருக்காது. வந்தவர் விருந்தாளி என்றால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போடுவார். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துப் போவோமே, அந்த வாளி. நெருங்கிய சொந்தம் என்றால், அதாவது நான் என்றால், மாடிப்படியைக் கை காட்டுவார். இஸ்திரிப் பலகைதான் சாப்பாட்டு மேசை. சோபா இருக்க வேண்டிய இடத்தில் சோபாக் கால்களின் தடம் மட்டும் கம்பளத்தில் பதிந்திருக்கும். படுக்கையறையில் கட்டில் கிடையாது. தரையில் காற்றடைத்த மெத்தை ஒன்று கிடக்கும், விடிவதற்குள் காற்று இறங்கிச் சப்பையாகிவிடும்.

பாவம், இல்லாதப்பட்டவர்கள் என்று உச்சுக்கொட்ட வேண்டாம். அண்ணனுக்குக் காகித ஆலை பென்ஷன் வருகிறது. அவர்களுக்குத் தோல் சோபா உண்டு, ஓக் மேசை உண்டு, நிற்கும் விளக்கு, தொங்கும் விளக்கு, ஏழெட்டுப் படங்கள், எதற்கும் உதவாத பீங்கான் ஜாடிகள் எல்லாம் உண்டு. ஊரில் எங்கேயாவது விற்பனைக்கு நிற்கிற ஒரு வீட்டில் இருக்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் அண்ணி லொரெட்டா. விற்கப்போகிற வீட்டை, வாங்க வருகிறவர்கள் பார்த்ததும் மயங்கும்படி ஜோடித்துக் கொடுப்பது அண்ணியின் தொழில். அதற்கு முன் பள்ளிக்கூட உணவறையில் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சித்தி மகள் வீடு ஒரு வருஷமாக விலை போகாமல் கிடந்தபோது, இரக்கப்பட்டுத் தன் வீட்டு சோபாவையும் விளக்கையும் கொண்டுபோய் அங்கே வைத்தார். வீடு ஒரே வாரத்தில் விற்றுவிட்டது. அதற்குப் பிறகு அண்ணியைப் பிடிக்க ஆளில்லை. கிரீன் பே நகரத்தில் யாரோ நடத்திய வகுப்புக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு ஒரு சட்டத்தோடு திரும்பி வந்தார். ஒரு வீட்டில் யாரோ வாழ்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த வீடு விற்காது. இதுதான் சட்டம்.

"பாக்க வர்றவங்க தங்களை அங்க வெச்சுப் பாக்கணும், கார்ல்," என்று எனக்கும் பாடம் எடுத்தார். "அங்க ஏற்கனவே ஒரு குடும்பம் ஃபோட்டோவுல பல்லைக் காட்டிக்கிட்டு நின்னா இவங்க எங்க போய் நிப்பாங்க?"

"அப்ப அந்தக் குடும்பம் எங்க போய் நிக்கும்?"

"அது அவங்க பிரச்சினை."

அதனால் அண்ணி காலடி வைத்த வீட்டில் முதலில் குடும்பப் படங்கள் இறங்கும். அப்புறம் பல் துலக்கும் பிரஷ், செருப்பு, நாய்த்தட்டு, நாய். குளிர்பெட்டிக் கதவில் பேத்தி வரைந்து ஒட்டிய குதிரையைக்கூட விடமாட்டார். கடைசியாக, வேட்டையாடிப் பதம் செய்து சுவரில் மாட்டிய மான் தலை. சுப்பீரியர் ஏரிக்கரையில் மான் தலை இல்லாத வீடு எது? "கண்ணாடிக் கண்ணை வெச்சுக்கிட்டு முறைக்குது. இதுக்கு முன்னாடி நின்னு எவன் விலை பேசுவான்?" என்பார். தகப்பன் சாவில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஆண்கள், மான் தலை சுவரை விட்டு இறங்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தேற்ற அண்ணி ஒரு வழி வைத்திருந்தார். வீடு விற்கும்வரை இதெல்லாம் எங்க வீட்டில் பத்திரமாக இருக்கும் என்பார்.

அப்படித்தான் அண்ணன் வீட்டுச் சுவரெல்லாம் ஊரார் மான்கள் வந்து நிறைந்தன. அடுத்தவர் கல்யாணப் படங்கள், அடுத்தவர் பந்துருட்டுப் போட்டிக் கோப்பைகள், ஒருத்தருடைய அப்பாவின் சாம்பல் இருந்த குடுவை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மான்களின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். தங்கள் மான் எதிரில் பீர் டப்பாவோடு கொஞ்ச நேரம் நிற்பார்கள், போய்விடுவார்கள். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் இதனிடம் தோற்றது. அண்ணன் அவர்களுக்கு வாளியைக் கவிழ்த்துப் போடுவார். அவர்களும் பேசமாட்டார்கள், இவரும் பேசமாட்டார்.

பேசாததைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். எங்கள் ஆட்களுக்கு வாய் என்பது காபி குடிக்க. எனக்கு மட்டும் இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று அம்மா கடைசிவரை யோசித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அண்ணன் அசல் பரம்பரை. பசிக்கிறது என்று சொன்னதில்லை, குளிருகிறது என்று சொன்னதில்லை, வேணும் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அண்ணி இத்தாலியக் குடும்பம். அவர்கள் வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் மூன்று பேர் சேர்ந்துதான் கேட்பார்கள். இந்த இரண்டும் எப்படி ஜோடி சேர்ந்தன என்று ஊரே கேட்டது. ஒருத்தர் பேச, ஒருத்தர் கேட்க, வண்டி நன்றாகத்தான் ஓடியது.

கட்டில் அவர்கள் கல்யாண வருஷத்தில் வாங்கியது. சுரங்க முதலாளிகள் தங்கிய பழைய ஹோட்டலை மூடியபோது ஏலத்தில் எடுத்தார் அண்ணன். தலைமாட்டுப் பலகை ஆள் உயரம், அதில் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கும். தூக்க நாலு பேர் வேண்டும். அதை எந்த அறையில் போட்டாலும் அந்த அறைக்கு ஒரு பணக்காரக் களை வந்துவிடும். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு காலை அண்ணி, "ரெய்னோ, ஒரு வாரத்துக்கு நம்ம கட்டிலை எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். நான் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார், எழுந்து போய் ஸ்பானரை எடுத்து வந்தார், கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார்.

அது நடந்து ஒன்பது வருஷம். நடுவில் ஏதாவது வீடு விற்றால், பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி, கட்டில் நாலு நாள் வந்து தங்கிவிட்டுப் போகும். அந்த நாலு நாளும் அண்ணன் தினசரி சவரம் செய்வார். அதைப் பார்த்தாவது அண்ணிக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. வேறு கட்டில் ஒன்று வாங்குங்களேன் என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"வாங்கலாம். ஆனா அது விக்காது. இந்தக் கட்டிலைப் பாத்ததும் பொம்பளைங்க உக்காந்துடறாங்க, கார்ல். உக்காந்துட்டா கதை முடிஞ்சுது. வீட்டை விக்கிறது நானில்ல, கட்டில்தான்."

அந்தக் கட்டிலையும் தோற்கடித்தது ஐலியின் வீடு. ஐலி எங்கள் ஊர் விதவை. மூட்டுவலி தாங்காமல் அரிசோனாவில் இருக்கும் தங்கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள், வீட்டை விற்றுக் கொடுக்கும் பொறுப்பை அண்ணியிடம் விட்டுவிட்டு. பனி உருகிய கையோடு கட்டில் அங்கே போனது. கோடை போனது, இலையெல்லாம் சிவந்து உதிர்ந்தது, வீடு நகரவில்லை. பனி விழ ஆரம்பித்துவிட்டால் வெளியூர்க்காரன் ஒருத்தனும் எங்கள் ஊரில் வீடு பார்க்க வரமாட்டான். வசந்தம்வரை கட்டிலும் அங்கேதான்.

இந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து, அதை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். தரையில் படுக்கக் கூடாது, தாழ்வாக எதிலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த வீட்டில் இருந்ததே அந்த இரண்டுதான். நான் அண்ணியிடம் போனேன்.

"அண்ணி, கட்டிலைக் கொண்டாந்துடலாம்."

"சீசன் முடியப்போற நேரத்துலயா? கட்டிலை எடுத்தா அந்த ரூம் கொட்டாய் மாதிரி இருக்கும். ஐலிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அண்ணனுக்கு என்ன குடுத்திருக்கீங்க?"

"ஆஸ்பத்திரிக் கட்டில் ஒண்ணு வாடகைக்குச் சொல்லியிருக்கேன். பொத்தானை அமுக்கினா தலைமாடு மேல வரும். உன் அண்ணன் ஒண்ணும் சொல்லலையே. உனக்கு என்ன வந்துது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கவிழ்த்த வாளியை எட்டி உதைத்தேன். கால் வலித்தது. அண்ணிமேல் பாதிக் கோபம், வாயில்லாப் பூச்சியாக இருக்கிற அண்ணன்மேல் மீதிக் கோபம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை நான்தான் என் பிக்கப் வண்டியில் அழைத்து வந்தேன். ஊர் முனையில் ரோடு பிரியும் இடத்தில், "ஐலி வீட்டுக்குப் போ," என்றார். அவர் அளவில் அது மேடைப் பேச்சு. நான் மறு வார்த்தை பேசாமல் திருப்பினேன். வாசல் கதவில் தொங்கும் சாவிப்பெட்டியைத் திறந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராகப் படுக்கையறைக்குப் போய், அலங்காரத் தலையணைகளை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டுவிட்டுத் தன் பக்கத்தில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

நான் ஃபோனில் சொன்னதும் அண்ணி ஓடி வந்தார். தலையில் கை வைத்தார்.

"ரெய்னோ, இது விக்கிற வீடு."

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

வெட்டிய இடுப்போடு படுத்திருக்கிற புருஷனை இழுத்து வெளியே போடவா முடியும்? நிபந்தனைகள் போட்டார் அண்ணி. வெள்ளைத் துண்டுகளைத் தொடக் கூடாது, அவை ரிப்பன் கட்டி வைத்த காட்சிப் பொருள். குளியலறைத் தாளின் நுனியை முக்கோணமாக மடித்து வைத்திருக்கிறது, அதற்கு ஒரு சேதமும் வரக் கூடாது. மேசை மேல் எலுமிச்சம்பழம் பிளாஸ்டிக். அடுப்பில் இருக்கிற ஏலக்காய் ரொட்டியைத் தின்னக் கூடாது. அந்த ரொட்டியைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். வாசனைக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஆள் வரும் முன்னே சுட வைத்து, அந்தக் கோடை முழுக்க ஊரைச் சுற்றி வந்த ஒரே ரொட்டி. அண்ணன் அதற்குள் கடித்துப் பார்த்துவிட்டார். பல் பதியவில்லை.

ஆள் வருகிறது என்று தகவல் வந்தால் நான் பறந்து போய் அண்ணனைப் பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்ற வேண்டும். வண்டியும் கண்ணில் படக் கூடாது, கராஜுக்குப் பின்னால் நிற்க வேண்டும். போகும் முன் படுக்கையைச் சரிசெய்ய வேண்டும். பெரிய தலையணை பின்னால், சின்னது முன்னால், அதற்கும் முன்னால் உருளை வடிவத்தில் ஒன்று. ஒரு நாள் முழுக்க எங்களுக்கு ஒத்திகை நடந்தது. அண்ணி கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் வாக்கரோடு ஆமை வேகத்தில் நகர, நான் பின்னால் உருளைத் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட, வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் ஏதோ கொள்ளைக் கூட்டம் என்று போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் போனபோது அண்ணன் தூக்கமில்லாமல் வீங்கிய கண்ணோடு கிடந்தார்.

"வலிக்குதா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"கட்டில்தான் கிடைச்சுடுச்சே, அப்புறம் என்ன?"

எதிர்ச் சுவரைக் காட்டி, "சுவரு காலியா இருக்கு," என்றார்.

எனக்குப் புரிந்தது. வருஷக்கணக்காக இருபது ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தூங்கிப் பழகிவிட்ட மனிதர். அன்றைக்கே போய்க் கூட்டத்திலேயே பெரிய கொம்பு வைத்த மானைத் தூக்கி வந்து கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். அதற்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினார். ஆள் வரும்போது மானையும் சேர்த்து வெளியேற்ற வேண்டியிருந்தது. கராஜுக்குப் பின்னால் என் வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நானும் அண்ணனும் அண்ணன் மடியில் மானுமாக மூன்று பேரும் காத்திருப்போம். வந்தவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள், அழகாக இருக்கிறது என்பார்கள், போய்விடுவார்கள். அந்த வீட்டை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேணும் என்றும் சொல்லவில்லை.

இப்படியே நவம்பர் வந்துவிட்டது. புண் நன்றாக ஆறிவிட்டது, இனி சவ்னா என்கிற நீராவிக் குளியல் அறையில் உட்காரலாம் என்று டாக்டர் சொன்ன வாரம். எங்கள் ஊர் டாக்டரிடம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். சனிக்கிழமை சாயங்காலம் சவ்னா இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு வாரம் முடியாது. அண்ணன் வீட்டு சவ்னாவில் ஊராரின் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஐலி வீட்டுக் கீழ்த்தளத்தில் நல்ல விறகடுப்பு சவ்னா ஒன்று இருந்தது. அதற்குள்ளும் அண்ணி கைவரிசையைக் காட்டியிருந்தார். மரப்பெஞ்சில் சுருட்டி வைத்த துண்டுகள், ஒரு பிளாஸ்டிக் ஆர்க்கிட் பூ, வாசனை மெழுகுவத்தி. நெருப்பு மூட்டுகிற அறையில் மெழுகுவத்தி வைக்கிறவரை என்ன சொல்வது?

சிகாகோவிலிருந்து ஒரு தம்பதி ஞாயிறு மதியம் வருவதாக ஏற்பாடு. இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி ஆள். சனிக்கிழமை நமக்கு, ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு என்று நானும் அண்ணனும் மதியமே அடுப்பைப் பற்றவைத்தோம். ஆர்க்கிட் பூ முதல் அரை மணியிலேயே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. மெழுகுவத்தி உருகிப் பெஞ்சில் வழிந்தது. கல் நன்றாகக் காய்ந்ததும் இருவரும் பிறந்த மேனிக்கு மேல் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தோம். அண்ணன் ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்மேல் வீசினார். ஆவி வந்து முகத்தில் அடித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கே பேசத் தோன்றவில்லை.

ராத்திரி பெரிய பனி வருகிறது என்று ரேடியோவில் சொன்னதைக் கேட்டு சிகாகோக்காரர்கள் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். வீட்டு புரோக்கர் ட்ரூடி அண்ணிக்குத் தகவல் சொல்லியிருக்கிறாள். அண்ணி எனக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் அடித்திருக்கிறார். ஃபோன் என் கால்சட்டைப் பையில், கால்சட்டை வெளி ஆணியில்.

முதலில் கீழே இறங்கும் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அப்புறம் ட்ரூடியின் கணீர் குரல்.

"இதுதான் கீழ்த்தளம். இங்க ஒரு அழகான சவ்னா இருக்கு பாருங்க. யாரும் தொட்டதுகூட கிடையாது, புத்தம் புதுசு."

கதவைத் திறந்தாள்.

நான் உறைந்துபோனேன். கைக்கு அகப்பட்டது ஆர்க்கிட் பூ மட்டும்தான், அதைத்தான் முன்னால் பிடித்துக்கொண்டேன். அண்ணன் அசையவில்லை. கதவு திறந்தால் எங்கள் ஊரில் எவனும் சொல்வதைத்தான் சொன்னார்.

"கதவைச் சாத்துங்க. சூடு போகுது."

ட்ரூடி சாத்தினாள். அப்புறம் பெண்கள் இருவரும் அவசரமாக மேலே ஏறிப் போகும் சத்தம். மூன்றாவது ஆள் போகவில்லை. கதவு ஒரு விரல்கடை திறந்தது. தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாக ஒரு நடுத்தர வயது மனிதர்.

"மன்னிக்கணும். இதுக்குள்ள என்ன பண்ணுவீங்க?"

"உக்காருவோம்," என்றார் அண்ணன்.

"நானும் வரலாமா?"

அண்ணன் அவர் கோட்டைப் பார்த்தார். "இதோடயா?"

இரண்டு நிமிஷத்தில் சிகாகோக்காரர் கீழ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தொப்பியை மட்டும் கழற்ற மறந்து. அண்ணன் தண்ணீர் வீசினார். அவர் கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் அவர், இருவருக்கும் வியர்வை வழிந்தது. வெகு நேரம் கழித்து, "நான் சும்மா உக்காந்து ஒரு வருஷம் இருக்கும்," என்றார். அண்ணன் கரண்டியை அவர் கையில் கொடுத்தார். எங்கள் வழக்கத்தில் அதற்குமேல் மரியாதை கிடையாது.

மேலே அண்ணியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் நான் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அண்ணி படுக்கையறை வாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். உள்ளே கலைந்த படுக்கை. தரையெல்லாம் தலையணை. பக்கத்துச் சின்ன மேசையில் அண்ணனின் மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற கறுப்பு ரொட்டி, காபிக் கோப்பையின் வட்டக் கறை. எதிர்ச் சுவரில் மான்.

"ஆளு தெரியுது, கார்ல்," என்றார் என் காதோடு. "எங்க பாத்தாலும் ஆளு தெரியுது. போச்சு. ஐலிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அந்த நேரத்தில் சிகாகோக்காரரின் மனைவி கட்டிலைச் சுற்றி வந்து, திராட்சைக் கொடியை விரலால் தடவிப் பார்த்து, அண்ணன் படுத்திருந்த பள்ளத்தின் ஓரமாக மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மானைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தாள்.

"நாங்க இந்த வருஷம் எத்தனையோ வீடு பாத்துட்டோம்," என்றாள். "ஒண்ணுலயாவது யாராவது தூங்கியிருப்பாங்கன்னே தோணல. இது எங்களுக்கு வேணும். ஆனா கட்டிலோட வேணும். கட்டில் இல்லாம வேண்டாம்."

"தாராளமா," என்றாள் ட்ரூடி. அவளுக்கு உயிர் திரும்பிவிட்டது. "சேத்தே எழுதிடலாம். என்ன லொரெட்டா?"

அண்ணி வாயைத் திறந்தார். விலை படிகிற நேரத்தில் அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட முடியாது என்று வந்ததில்லை.

படியில் வாக்கர் ஏறும் சத்தம் கேட்டது. அண்ணன் வந்து நின்றார். இடுப்பில் அந்த வெள்ளைத் துண்டு, அவிழ்ந்த ரிப்பன் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பிலிருந்து ஆவி பறந்தது. பின்னால் சுட்ட கிழங்கு மாதிரிச் சிவந்துபோய் சிகாகோக்காரர்.

"அது என் கட்டில்," என்றார் அண்ணன்.

வாக்கரை இன்னும் ஒரு அடி உள்ளே தள்ளினார்.

"எனக்கு வேணும். நம்ம வீட்டுல வேணும், லொரெட்டா."

அண்ணி அவரை, அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். "இத்தனை வருஷமா ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

அண்ணன் யோசித்தார். பழி சொல்கிற முகம் இல்லை அது, கணக்கைச் சரிபார்க்கிற முகம்.

"ஒரு வாரம்னு சொன்னே," என்றார். "முடிஞ்சுடும்னு இருந்தேன்."

அண்ணி கட்டிலில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழுதார் என்று சொல்ல முடியாது. கோட்டுக் கையால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார். எனக்கு அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. துண்டு அவிழ்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

"எந்திரிங்கம்மா," என்றார் அண்ணி அந்தப் பெண்ணிடம், மெதுவாக. "கட்டில் விக்கறதுக்கு இல்ல."

ட்ரூடி அண்ணியின் முழங்கையைப் பிடித்தாள். "லொரெட்டா, பனி வரப்போகுது. ஒரு கட்டில்தானே."

"ஒரு வாரம் முடிஞ்சுபோச்சு, ட்ரூடி."

வீடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மனைவி கட்டில் கட்டில் என்று முறுக்கிக்கொண்டு நின்றதென்னவோ உண்மை. ஆனால் சிகாகோக்காரர் ஊருக்குப் போய் மூன்று நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஃபோன் செய்து, சவ்னா அடுப்பு வீட்டோடு வருமா என்று மட்டும் கேட்டாராம். ஐலி அரிசோனாவிலிருந்து அண்ணிக்கு ஒரு கள்ளிச்செடி அனுப்பினாள். அந்த வீட்டை விற்றது வரவேற்பறை விளக்கின் நிறம்தான் என்று அண்ணி இன்றைக்கும் புது வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் குறுக்கே பேசுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே கட்டிலைக் கழற்றினோம். கட்டில் கிடைக்காத சிகாகோக்காரரே தலைமாட்டுப் பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். நான் ஒரு முனை, ட்ரூடி முணுமுணுத்துக்கொண்டே ஒரு முனை, அண்ணி ஒரு முனை. அண்ணன் வாக்கரில் சாய்ந்தபடி எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏற்றும்போது பனி விழ ஆரம்பித்துவிட்டது.

அவர்கள் வீட்டில் கட்டிலைப் பொருத்தி முடித்து, மெத்தை போட்டு, விரிப்பு விரித்தோம். அண்ணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷத்தில் தலையணைகளை அடுக்க ஆரம்பித்தார். பெரியதைப் பின்னால் நிறுத்தினார், சின்னதை முன்னால் வைத்தார், உருளையை நடுவில் வைத்து இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். வாங்க வருகிறவர் கண்ணால் பார்ப்பதற்கு அண்ணி அப்படித்தான் நிற்பார். நானும் அண்ணனும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒரே கையால் எல்லாவற்றையும் தரையில் தள்ளிவிட்டு, கோட்டையும் பூட்ஸையும்கூடக் கழற்றாமல், கட்டிலின் நட்ட நடுவில் கையைக் காலை விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருஷமாக அவரும்தானே தரையில் படுத்திருந்தார். அது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

அண்ணன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கட்டிலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். ஒரே நாளில் இரண்டாவது முறையாக வாயைத் திறந்து தனக்கு வேண்டியதைக் கேட்டார்.

"கொஞ்சம் தள்ளிப் படு."